உச்சியில் ஊற்றிய தண்ணீர்

என் கணவர் என்னை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறார். ஒரு மலை உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில், முள் கிழித்த முகத்தோடு நான் நின்றிருந்தபோது, மூடிய கையால், கன்னத்தில். அடித்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. பேப்பரில் கடைசிப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கோபம் முழுக்க என் பங்கு. தட்டு பறந்தால் அது நான் எறிந்ததாகத்தான் இருக்கும். அவர் அதை எடுத்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று விரல் கணுவால் சுண்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பார். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களை அப்படிப் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. சூளையிலிருந்து இறங்கிய விளக்கோ பொம்மையோ, சுண்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'டொப்' என்றால் உள்ளே எங்கோ விரிசல், தூக்கி ஓரமாகப் போட வேண்டியதுதான். என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், இந்த விஷயத்தில் இன்னும் மோசம். தர்பூசணியைச் சுண்டுவார், பஸ் கண்ணாடியைச் சுண்டுவார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைச் சுண்டிப் பார்த்தார். நல்லவேளை, என் தலையை விட்டுவிட்டார்.

பீங்கான் பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து மூத்தார் தொழில் செய்துவந்தார். சூளை என் கணவர் பொறுப்பு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றுவிட்டவர் அவர். நான் மோல்டில் மண் கரைசல் ஊற்றிப் பொம்மை எடுக்கிற வேலை. ஆனால் நான் சூளை வம்சம் இல்லை. கம்மாபுரம் பக்கத்தில் நெல்லும் எருமையுமாக இருந்த வீட்டில் பிறந்தவள். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

அந்த வருடம் மாசி மாதத்தில் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். மூத்தார் கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே மலையை அண்ணாந்து பார்த்தவர், பிசைவதை நிறுத்திவிட்டார். வரிசையாக நின்ற மலைகளில் ஒன்றின் தலையில் மட்டும் சாயங்கால வெயிலில் வெள்ளையாக ஏதோ மின்னியது.

"டேய் தம்பி, அது வெள்ளை மண்ணுடா" என்றார்.

என் கணவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஆமாண்ணே" என்றார். அண்ணன் சுண்ணாம்பைக் காட்டித் தயிர் என்றாலும் அவருக்கு அதே பதில்தான்.

பீங்கானுக்காக லாரியில் வருகிற வெள்ளை மண்ணில் மணல் கலக்கிறார்கள் என்று மூத்தாருக்கு நெடுநாள் ஆத்திரம். அந்த வெள்ளையை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல வெள்ளை மண் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கத்திரி வெயிலில் சூளைக்குச் செங்கல் மாற்ற நான்கைந்து நாள் வேலை நின்றது. அந்த இடைவெளியில் போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. கத்திரியில் மலையேறுகிற புத்தி யாருக்கு வரும் என்று கேட்காதீர்கள். வருடம் முழுக்கச் சூளை முன்னால் நிற்கிறவர்களுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை.

நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன். நான் பார்த்த ஒரே மலை, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தோண்டி எங்கள் சித்தப்பா நிலத்தின் மேல் கொட்டிய மண்மேடு. கடவுள் கொட்டியது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

விடியும் முன்பே இரண்டு வண்டியில் கிளம்பி, சின்னசேலம் வழியாக அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. டீக்கடைக்காரரிடம் வழி கேட்டோம்.

"அந்த வெள்ளைக்கா? அதுக்கு வழியே கெடையாதுங்க. ஆடு மேய்க்கிறவங்ககூட பாதிக்கு மேல போவமாட்டாங்க. மேல ஒரு சொனை இருக்குதுன்னுவாங்க. நான் பாத்ததில்ல" என்றார் அவர்.

மூத்தார் மேசையைச் சுண்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

என் கணவர் சூளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாக்குபோல் தடித்த துணி, முழுக்கை, கழுத்து வரை பொத்தான். அனலுக்குத் தடிச்சட்டைதான் காப்பு என்பது அவர்கள் கணக்கு. முள்ளுக்கும் ஆயிற்று என்றார். மூத்தாரோ வழக்கமான மெல்லிய பனியனும் தோளில் ஒரு துண்டுமாக இருந்தார். அனல் முன்னால் நிற்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் வயிற்றைப் பிடிக்கும், வேலை முடிந்து வெளியே வந்துதான் குடிக்க வேண்டும் என்பது சூளையின் இன்னொரு சட்டம். மூத்தார் அவ்வப்போது அதை மீறுவார். முதலாளி இல்லையா! என் கணவர் மீறமாட்டார். வழி நெடுகிலும் நான் பாட்டிலை நீட்ட நீட்ட, "மேல போயிக் குடிச்சிக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

மலை எங்களை அடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டுத்தடம் முடிந்த இடத்தில் உண்ணிப்புதர் தொடங்கியது. கணவர் கொடுவாளால் வெட்டி வழி செய்ய, வெட்டுப்பட்ட கிளைகள் திரும்பி வந்து முகத்தில் அறைந்தன. இண்டு முள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கிளையிலிருந்து விடுபட்டால் இன்னொன்று தோளைக் கவ்வும். கொக்கி முள், இழுத்தால் சதையோடு வரும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூத்தார் முன்னால் கெண்டைக்கால் தெரிய நடக்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் முதல் புதரோடு போய்விட்டது. பிறகு கெட்ட வார்த்தைதான் வந்தது. சத்தமாகவே வந்தது.

புதருக்கு மேலே காய்ந்த ஓடை. வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொட்டியதுபோல் கிடந்தது. கை வைத்த இடமெல்லாம் சுட்டது. முன்னால் ஏறிய மூத்தாரின் காலடியில் ஒரு குண்டுக்கல் நகர்ந்து உருண்டது. என் கணவர் என்னைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினார். கல் என் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், கீழே ஒரு மரத்தை அடிமரத்தோடு முறித்தது.

"பாத்து வாங்கம்மா" என்றார் மூத்தார், கல் என்னவோ என் காலில் இருந்து புறப்பட்டதுபோல.

"நீங்க பாத்துப் போங்க மாமா! எந்தலையையும் தட்டிப் பாக்கணும்னு இருக்குதா?" என்று கத்தினேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் கணவர் அதற்குச் சிரித்திருக்க வேண்டும். எப்போதும் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை யாரோ மாதிரி பார்த்தார்.

ஓடை முடிந்து, வழுக்கைப் பாறையும் ஆள் உயரப் புல்லுமாக ஆனபோது அவர் நடை மாறியது. குடித்தவன்போல் கால் பின்னியது. கொடுவாளைப் புல்லின் மேல் வீசாமல் வெறும் காற்றில் வீசிக்கொண்டு போனார். என்னவோ முனகினார். கிட்டே போய்க் கேட்டால், அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். என் கணவர்! அண்ணன் எதிரில் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்காதவர்.

"என்னங்க, செத்த உக்காருங்க" என்று கையைப் பிடித்தேன். உதறினார்.

மூத்தார் மேலே நின்று, "என்னடா அங்க? சீக்கிரம் வா" என்று குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான். "யாரைடா வான்ற?" என்று இவர் பாய்ந்தார். "படிச்சிகிட்டு இருந்தவனை இழுத்தாந்து நெருப்புல நிறுத்துனியே! நீ நிழல்ல உக்காந்துகிட்டு என்னை வேகவிட்டியே! இன்னைக்கு ஒன்னை வெட்டாம வுடமாட்டன்டா!" கொடுவாளைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு அந்த வழுக்கைப் பாறையில் ஓடினார். மூத்தார் நகரவே இல்லை. பயத்திலா, இதற்காகப் பல வருடமாகக் காத்திருந்ததாலா, எனக்குத் தெரியாது. முதல் வீச்சு அவருடைய துண்டைக் கிழித்துக்கொண்டு பாறையில் பட்டுப் பொறி பறந்தது.

நான் இடையில் விழுந்து கைப்பிடியோடு சேர்த்து அவர் மணிக்கட்டைப் பற்றினேன். அப்போதுதான் அந்த அடி விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ தெறித்தது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. கொடுவாளைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். அது பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு வெகுநேரம் கீழே போனது. மூத்தார் என் கன்னத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போதுதான் உறைத்தது. நான் பற்றியிருந்த அந்த மணிக்கட்டு காய்ந்திருந்தது. இவ்வளவு ஏறி வந்தவருக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உடம்பு அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல்லாகக் கொதித்தது. அடித்தது அவர் இல்லை, அவர் தலைக்கேறிய வெயில் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துபோயிற்று. கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது.

அவர் எங்களை விட்டுவிட்டு உச்சியைப் பார்த்து ஓடினார். சிரித்துக்கொண்டே ஓடினார். நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தபோது அந்த வெள்ளையின் மேலேயே குப்புற விழுந்து கிடந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

வெள்ளை என்னவென்றால், வெங்கச்சாங்கல். எங்கள் பக்கம் பிள்ளைகள் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கவிட்டு விளையாடுகிற அதே கல். கள்ளக்குறிச்சி போகிற வழியில் வரப்புக்கு வரப்பு குவித்து வைத்திருப்பார்கள். மூத்தார் அதை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு நெற்றியில் கையை வைத்தவர் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் கீழே, பாறைப் பள்ளத்தில், டீக்கடைக்காரர் சொன்ன சுனை இருந்தது. பச்சைத் தண்ணீர், தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. காலியாகியிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். மொண்டுகொண்டு திரும்பி வந்தால், மூத்தார் தம்பியை ஒரு பாறையின் நிழலுக்கு இழுத்துப்போட்டு, மண் கொண்டுபோகக் கொண்டுவந்த சாக்கால் கழுத்து வரை போர்த்திக்கொண்டிருந்தார். காற்று புகாமல் ஓரங்களைச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"கிட்ட வராதம்மா. தண்ணி ஊத்தாத. சூடா இருக்கறதுல தண்ணி பட்டா என்னாவும்? மெதுவா ஆறணும். தன்னால ஆறணும்."

எனக்கு விளங்கிவிட்டது. எரித்து முடித்த சூளையை அவர்கள் அப்படித்தான் மூடுவார்கள். கதவு இடுக்கில் ஈரமண்ணை அப்பி, ஊசி நுழையாமல் அடைத்து, இரண்டு நாள் கிட்டேயே போகமாட்டார்கள். அவசரப்பட்டுத் திறந்தால், குளிர்ந்த காற்று பட்ட மாத்திரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் படபடவென்று வெடித்துவிடும். பல வருட அனுபவத்தை அப்படியே தம்பி உடம்பின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். தம்பிமேல் உயிரையே வைத்திருந்த மனிதர், தம்பியைச் சூளையாக்கி மூடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து என் கணவரும் குளறினார்: "ஊத்தாதீங்க... வெடிச்சிடுவன்... வெடிச்சிடுவன்..."

"மாமா, நவுருங்க. எங்க வூட்ல வெய்யில்ல விழுந்த எருமைக்கு எங்கப்பா கொடங்கொடமா ஊத்துனாரு. எழுந்து நின்னுச்சு. வெடிக்கல!"

"அது எருமைம்மா."

"இவரு பொம்மையா?"

சாக்கைப் பிடித்து இழுத்தேன். மூத்தார் என் கையைப் பற்றிக்கொண்டார். மூத்தாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் எங்கள் வழக்கத்தில் விரல்கூடப் படக் கூடாது. ஒரே பாயில் உட்காரக் கூடாது. நேருக்கு நேர் நின்று பேசக் கூடாது. அந்த உச்சியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். அவர் தள்ளிய தள்ளில் என் முதுகு பாறையில் மோதி மூச்சு நின்று வந்தது. எழுந்து வந்து அவர் முன்கையைக் கடித்தேன். பல் சதையில் இறங்கியது எனக்குத் தெரிந்தது. அவர் ஐயோ என்று கத்தி மற்றக் கையால் என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு வெங்கச்சாங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி அவர் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நவுரலன்னா போட்டுடுவன் மாமா. சத்தியமாப் போட்டுடுவன்."

போட்டிருப்பேன். அதை அவர் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். மெல்ல நகர்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாக்கை உருவி எறிந்து, அந்தச் சூளைச் சட்டையைப் பொத்தான் தெறிக்கக் கிழித்தேன். பாட்டில் தண்ணீரை உச்சந்தலையில் கவிழ்த்தேன். அவர் போட்ட அலறல் இப்போதும் சில சமயம் தூக்கத்தில் கேட்கிறது. முதுகு வில்லாக வளைந்து எழுந்தது. பல் நறநறவென்று கடித்துக்கொண்டது.

"வெடிக்குது! கொன்னுட்டியே, படுபாவி, கொன்னுட்டியே!" என்று மூத்தார் மார்பில் அறைந்துகொண்டார்.

எனக்கும் சந்தேகம் வந்தது. மறைப்பானேன்? அவர் சொல்வது சரியாக இருந்தால்? நான் இதுவரை ஒரு சூளையைக்கூடத் திறந்ததில்லை. ஒரு எருமையை நம்பி என் புருஷனைக் கொல்கிறேனா? ஆனால் கை நிற்கவில்லை. சுனைக்கு ஓடினேன், வந்தேன், ஊற்றினேன். பாட்டில் போதவில்லை. சாக்கைச் சுனையில் முக்கித் தூக்க முடியாமல் தூக்கி வந்து மார்பில் போட்டேன். அடுத்த நடைக்குத் திரும்பியபோது எதிரே மூத்தார் வந்துகொண்டிருந்தார். கிழிந்த துண்டைத் தண்ணீரில் முக்கி, இரண்டு கையிலும் ஏந்தி, சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு. முகம் முழுக்க அழுகை. தம்பியின் தலையில் பிழிந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் மாறி மாறி ஓடினோம். சுனையில் தலைப்பிரட்டைகள் சேற்றில் துள்ளுகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கிய பிறகு அவருக்கு இழுப்பு நின்றது. பிறகு நடுக்கம் வந்தது. பிறகு கண்ணைத் திறந்து, தொண்டை கிழிந்த குரலில், "தண்ணி குடு" என்றார். மேலே வந்துவிட்டோம் அல்லவா, இனிக் குடிக்கலாம்.

இறங்கியதைப் பற்றி விவரமாகச் சொல்லத் தெரியவில்லை. மூத்தார் தம்பியை முதுகில் சுமந்துகொண்டார். ஓடைப் பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார். முள் இருவரையும் சேர்த்துக் கிழித்தது. ஒரு தடவைகூட இறக்கி வைக்கவில்லை. பாதிக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் எங்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து கம்பளியில் போட்டுத் தூக்கினார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு மினி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டரம்மா எங்கள் கோலத்தைப் பார்த்து முதலில் மூன்று பேரையும் படுக்கச் சொன்னார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "தண்ணி ஊத்துனது யாரு?" என்றார். மூத்தார் என்னைக் கை காட்டினார். "அதனாலதான் ஆளு இருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஊசி போடப் போய்விட்டார். மூத்தார் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை என் கணவர் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். மலை ஏறத் தொடங்கியது மட்டும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூத்தார் கட்டிலுக்குக் கிட்டே வந்தார். கையை மடக்கி, விரல் கணுவால் தம்பியின் நெற்றியில் இலேசாக ஒரு சுண்டு சுண்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் எப்பிடிண்ணே?" என்றார் இவர்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் மூத்தார்.

என் கணவர் சிரித்தார். பழைய சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு அவரை ஒன்று வைக்க வேண்டும்போல் ஆத்திரமாகவும் அழுகையாகவும் வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பியவர், என் கன்னத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நீலமாக வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"என்னாச்சு ஒனக்கு?"

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தலை நிமிரமாட்டார். பொய்யும் சட்டென்று வரவில்லை. நான் முந்தானையால் கன்னத்தை மூடும்போதே பின்னாலிருந்து மூத்தார் சொன்னார்:

"முள்ளுடா. வழியெல்லாம் ஒரே முள்ளு."

என் கணவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு அண்ணனின் முன்கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். மருந்து மாற்றுவதற்காக அது பாதி அவிழ்ந்திருந்தது. அடியில் வரிசையாகப் பல் பதிந்த தடம் மேலும் கீழும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒனக்குண்ணே?"

மூத்தார் கட்டை இழுத்து மூடிக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். இந்தப் பதிலை நான்தான் சொல்ல வேண்டும்.

"அதுவும் முள்ளுதாங்க" என்றேன்.